மூன்றாவது விசில்

போன் அடித்தது.

போலீஸ் ஸ்டேஷனில் அது யார் காதிலும் விழவில்லை. லாக்கப் கதவில் வெல்டர் கிரைண்டரை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். துருப்பிடித்த தாழ்ப்பாள் அன்று காலை ஏட்டின் கையோடு வந்துவிட்டது. லாக்கப் இருக்கிறது... பூட்டத்தான் வழியில்லை. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

ஆறாவது மணியில் இன்ஸ்பெக்டரம்மா ரிசீவரை எடுத்து, வெல்டருக்குக் கையைக் காட்டினார். கிரைண்டர் நின்றது.

மறுமுனையில் ஓர் ஆண் குரல் அழுதது.

"மேடம்... என் மனைவி செத்துட்டா மேடம்..."

"அழாம சொல்லுங்க. எங்கேருந்து பேசறீங்க?"

"கன்டெய்னர் வீடு மேடம். தோட்டத்துல கப்பல் பெட்டியை எறக்கி வீடு கட்டறோமே... அங்கேருந்துதான். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வெல்டர் பய வெளிப்பக்கம் பூட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டான். உள்ள இவ இருந்ததைப் பாக்கல. நான் டவுன்லேருந்து இப்பதான் வரேன்..."

"எந்த வெல்டர்?"

"இந்தப் பக்கத்துக்கே ஒரே வெல்டர்தானே மேடம். வெயில்ல இரும்புப் பெட்டி... வெந்தே போயிட்டா மேடம்..."

இன்ஸ்பெக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பக்கத்துக்கே ஒரே வெல்டர், எதிரே டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"எதையும் தொடாதீங்க. அரை மணி நேரத்துல வரோம்."

ரிசீவரை வைத்துவிட்டு, மணியைப் பார்த்தார். இரண்டு ஐந்து.

"ஏய்யா, இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு நீ எங்க இருந்தே?"

"உங்க லாக்கப்புக்குள்ளதான் மேடம். ஏன்?"

"சாட்சி யாராவது இருக்காங்களா?"

ஏட்டு இருமினார். பதினோரு மணிக்குக் கடைத்தெருவில் பெயின்ட் வாங்கிக்கொண்டிருந்த வெல்டரைக் கையோடு பிடித்து வந்ததே அவர்தான்.

"ஜீப்பை எடுங்க. நீயும் வாய்யா."

"தாழ்ப்பாள் பாதியில நிக்குதே மேடம்?"

"நிக்கட்டும்."

*

தோட்டத்து மரத்தடியில் மேனேஜர் போனை அணைத்தார்.

அழுகையும் அணைந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டார். டவுனில் சலூனில் உட்கார்ந்து பொறுமையாகச் சவரம் செய்துகொண்ட முகம். டவுனில் இருந்ததற்கு அலிபியும் ஆயிற்று, அழகும் ஆயிற்று என்று நினைத்திருந்தார்.

பார்சல் கம்பெனியில் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர். வேலை போனாலும் பட்டம் போகவில்லை. வீட்டிலும் மேனேஜர்தான். ஹாலில் உட்கார்ந்து "தண்ணி" என்றால் தண்ணீர் வரும். "காபி" என்றால் காபி வரும். எங்கிருந்து வருகிறது என்பதை அவர் ஆராய்ந்ததில்லை.

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் பதினோரு வாடகை வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு காலண்டர் மாட்டுவதற்குக்கூட வீட்டுச் சொந்தக்காரரிடம் போய் நின்று ஆணி அடிக்க அனுமதி கேட்டவள் அவர் மனைவி. அவளுக்கு ஒரே ஆசைதான். யாரையும் கேட்காமல் ஓர் ஆணி அடிக்க வேண்டும்.

அப்பா அவள் பெயரில் எழுதி வைத்த அரை ஏக்கர் நிலம் இருந்தது. வளையல்களைக் கழற்றிக் கொடுத்து, நாற்பதடி நீளக் கன்டெய்னர் ஒன்றை வாங்கி, கிரேன் வைத்து அங்கே இறக்கிவிட்டாள்.

மேனேஜருக்கு வயிறு எரிந்தது. அந்த நிலத்தை ஒரு குடோன்காரன் கேட்டுக்கொண்டிருந்தான். விற்றுவிடலாம் என்று ஒரு மாதம் தலைகீழாக நின்று பார்த்தார். அவள் மசியவில்லை.

பிறகு ஒருநாள் திடீரென்று மனம் மாறினார். "உன் ஆசைப்படியே கட்டு" என்றார். பாவம், அவள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

மனம் மாறியதற்குக் காரணம் வெல்டர். கன்டெய்னர் கதவைத் தட்டிக் காட்டி, அவர் சும்மா ஒரு விஷயம் சொன்னார்.

"இதை உள்ளேருந்து திறக்கவே முடியாது சார். கம்பி, கைப்பிடி எல்லாம் வெளிப்பக்கம்தான். சரக்கு போற பெட்டிதானே... உள்ள மனுஷன் நிப்பான்னு யாரு நெனச்சாங்க? கடைசியில இதைக் கழட்டிட்டு நல்ல கதவா போட்டுத் தரேன்."

"கடைசியிலேயே போடுங்க. அவசரமில்ல" என்றார் மேனேஜர்.

வீட்டுப் பிளான் மூன்று பக்கம். முதல் பக்கம் ஹால், இரண்டாவது படுக்கையறை. இரண்டையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். மூன்றாவது பக்கத்தில் சமையலறை என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், "இதெல்லாம் உன் டிபார்ட்மென்ட்" என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டு மனைவியிடம் தள்ளினார்.

அதன் பிறகு தினமும் வந்து, மரத்தடி நிழலில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தார். ஜன்னல் வர வேண்டிய இடங்களில் வெல்டர் சாக்பீஸால் கட்டம் போட்டிருந்தார். வெறும் கட்டம்தான், இன்னும் வெட்டவில்லை. காற்றுப் போகக்கூட வழியில்லாத பெட்டி. பின்பக்கம் ஒரே சேறு என்பதால் அந்தப் பக்கம் அவர் போனதில்லை. ஷூ கெட்டுவிடும்.

இன்று காலை வெல்டரைப் பெயின்ட் வாங்க அனுப்பினார். திரைச்சீலைக்கு அளவெடுக்க மனைவி உள்ளே போனாள். பதினொன்றரை மணி. இரண்டு கதவுகளையும் சாத்தினார். கைப்பிடியை மடக்கிக் கொக்கியில் மாட்டினார்.

உள்ளேயிருந்து அவள் என்னவோ கத்தினாள்.

அதற்கு ஒரே ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை உதைத்தார்.

அந்த வார்த்தை என்ன என்று அவள் வாயாலேயே கேட்போம்.

இப்போது மணி இரண்டு பத்து. போலீஸ் வந்து கதவைத் திறக்கும். அவர் மார்பில் அடித்துக்கொண்டு விழ வேண்டும். எந்தப் பக்கம் விழுந்தால் சட்டை அழுக்காகாது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது...

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

மேனேஜர் சட்டென்று நிமிர்ந்தார்.

கன்டெய்னருக்குள்ளிருந்து வந்த சத்தம். பாம்பு இல்லை. கியாஸ் இல்லை.

குக்கர் விசில்!

செத்தவள் சமைக்கிறாளா?

இல்லை, சாகவில்லையா? அரை மணி நேரத்தில் போலீஸ் வந்துவிடுமே... அவள் வாயைத் திறந்தால்?

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

இரண்டாவது விசில்.

காலில் விழுந்து கெஞ்சலாம். கேட்காவிட்டால்... அந்த யோசனையை அவர் முடிக்கவில்லை. ஆனால் கீழே கிடந்த ஒரு முழ இரும்புக் கம்பி எப்படியோ அவர் கைக்கு வந்துவிட்டது.

கொக்கியைக் கழற்றிக் கைப்பிடியைத் திருப்பினார். கதவு முனகிக்கொண்டு திறந்தது. உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது.

ஹாலில் யாருமில்லை. தாண்டிப் படுக்கையறை, அங்கேயும் யாருமில்லை. கடைசியில் பிளைவுட் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம்தான் சமையலறை.

மேனேஜர் ஹாலின் நடுவில் நின்றார். வேறு யாராக இருந்தாலும் நேரே சமையலறைக்குப் போய்ப் பார்த்திருப்பார்கள். பழக்கம் விடுமா? இருபத்து மூன்று வருஷமாகச் செய்ததையே செய்தார். நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டார்.

"ஏய்... இங்க வா."

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

மூன்றாவது விசிலோடு, முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

டங்!

கைப்பிடி மடங்கும் சத்தம். கொக்கி விழும் சத்தம். பிறகு ஒரே இருட்டு.

போனை எடுத்தார். இரும்புப் பெட்டிக்குள் டவர் ஏது? கதவைக் குத்தினார், உதைத்தார், கம்பியால் இடித்தார். கதவு அசையவில்லை. அப்போதுதான் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெல்லிய காலடிச் சத்தம் கேட்டது. யாரோ ஸ்டவ்வை அணைத்தார்கள். மறுபடி காலடிச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

ஆவி!

தடுப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், மேனேஜர் முன்கதவோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டார்.

*

ஜீப் வந்து நின்றபோது, மரத்தடி நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த கண்கள். கன்டெய்னருக்குள்ளிருந்து விட்டுவிட்டுத் தட்டும் சத்தம்.

"நீங்க யாரும்மா?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"செத்துப்போனவங்க."

ஏட்டு ஓரடி பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க, உயிரோடதான் இருக்கேன். உள்ள தட்டறது எங்க வீட்டுக்காரர்."

நடந்ததைச் சொன்னாள். கதவு சாத்தியது, கைப்பிடி மடங்கியது. முதலில் அவள் தப்பாக எதுவும் நினைக்கவில்லை. தெரியாமல் சாத்திவிட்டார் என்றுதான் நினைத்தாளாம்.

"'என்னங்க, நான் உள்ள இருக்கேன்'னு கத்தினேன் மேடம்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

அவள் கன்டெய்னர் கதவைப் பார்த்தாள்.

"'தெரியும்'னு சொன்னார்."

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உடனே எங்களுக்கு போன் பண்ணியிருக்கலாமேம்மா."

"பண்ணியிருக்கலாம். மனசு வரல. திரும்பி வந்து திறந்துடுவார்னு தோணிச்சு. ரெண்டு மணி வரைக்கும் வேலி ஓரமா நின்னு ரோட்டையே பாத்துட்டு இருந்தேன். ஸ்கூட்டர் தூரத்துல வந்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் மேடம். கதவைத் திறக்கறாரான்னு மறைஞ்சு நின்னு பாத்தேன். வந்தவர் கதவுகிட்ட போகவே இல்ல. இந்த மரத்தடியில நின்னு அழுது பழகினார். முதல் தடவை சரியா வரல. தொண்டையைச் செருமிட்டு மறுபடி அழுதார். மூணாவது தடவைதான் உங்களுக்கு போன் போட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கும் கொஞ்சம் விளையாடணும்னு தோணிச்சு. குக்கரை அடுப்புல வெச்சேன், அவர் உள்ள போனதும் கதவைச் சாத்தினேன்."

இன்ஸ்பெக்டரம்மா கண்ணைக் காட்ட, வெல்டர் கைப்பிடியைத் திருப்பினார். வியர்வையில் தொப்பலாக நனைந்த மேனேஜர் வெளியே வந்து விழுந்தார். சட்டை அழுக்காகிவிட்டது.

மனைவியைப் பார்த்தார். அவளுக்குக் கால் இருப்பதை உறுதி செய்துகொண்டார். உடனே குரல் திரும்பி வந்தது.

"பாருங்க மேடம்... இவ என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டா. கொலை முயற்சி. கேஸ் எழுதுங்க."

"எழுதறேன். அதுக்கு முன்னாடி ரெண்டு சந்தேகம். பன்னெண்டு மணிக்கு வெல்டர் பூட்டினார்னு சொன்னீங்க. அவர் பதினோரு மணியிலேருந்து எங்க ஸ்டேஷன்ல இருக்கார்."

மேனேஜர் அப்போதுதான் வெல்டரைப் பார்த்தார். வெல்டர் மரியாதையாகக் கும்பிட்டார்.

"ரெண்டாவது... நீங்க போன் பண்ணும்போது இந்தக் கதவு பூட்டித்தானே இருந்தது? திறந்துகூடப் பாக்காம, உங்க மனைவி செத்துட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேனேஜர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கேக்க மறந்துட்டேன். கையில என்ன சார், கம்பி?"

கம்பி தானாகக் கீழே விழுந்தது. ஏட்டு அதை ஒரு துணியால் பொறுக்கிக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும்... இவ என்னைப் பூட்டினது தப்பா இல்லையா? அரை மணி நேரம் மேடம்! நான் செத்திருந்தா?"

"அதுவும் நியாயமான கேள்விதான்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "நீங்க எப்படிம்மா வெளியே வந்தீங்க?"

"வாங்க, காட்டறேன்."

எல்லோரையும் உள்ளே அழைத்துப் போனாள். ஹால், படுக்கையறை, பிளைவுட் தடுப்பு. தடுப்பில் இருந்த கதவைத் தள்ளினாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக மேனேஜர் ஒரு சமையலறைக்குள் காலெடுத்து வைத்தார்.

ஸ்டவ், குக்கர், எதிர்ச்சுவரில் தட்டுகளை வரிசையாக அடுக்கிய ஸ்டாண்ட்.

அவள் ஒரே விரலால் அந்த ஸ்டாண்டைத் தள்ளினாள்.

சுவரே நகர்ந்தது. வெளிச்சமும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. வெளியே சேறு, அதில் பலகைகளைப் போட்டு ஒரு பாதை.

"பின்கதவு மேடம். தட்டு மாட்ட இடம் பத்தலைன்னு ஸ்டாண்டைக் கதவுலயே பத்தவெக்கச் சொன்னேன். இதுக்குத் தாழ்கூட இன்னும் போடல. அவர் எந்த நிமிஷமும் வெளியே வந்திருக்கலாம்."

மேனேஜர் ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கதவு... எப்ப வெட்டினீங்க?"

"போன வாரம் சார்" என்றார் வெல்டர். "அம்மா முதல்ல இதைத்தான் வெட்டச் சொன்னாங்க. பிளான்ல மூணாவது பக்கம். நீங்க கையெழுத்துப் போட்டதுதான்."

இன்ஸ்பெக்டரம்மா குக்கரின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"வெறும் தண்ணிதானா?"

"இனிமே அவருக்காக அரிசியை ஏன் வீணாக்கணும் மேடம்?" என்றவள், வெல்டரிடம் திரும்பி, ஹாலில் காலண்டர் மாட்ட ஒரு கொக்கி வேண்டும் என்றாள். எந்த இடத்தில் என்று அவர் கேட்டார். எங்கே வேண்டுமானாலும் என்று சொல்லும்போதுதான் அவள் முதல் முறையாகச் சிரித்தாள்.

மேனேஜரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏட்டு மட்டும் ஏறாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மேடம், கூட்டிட்டுப் போய் இவரை எங்க வெக்கறது? லாக்கப்புக்குத்தான் தாழ்ப்பாள் இல்லையே. வெல்டர் வந்து முடிக்க சாயங்காலம் ஆயிடும். அதுக்குள்ள ஓடிட்டார்னா?"

இன்ஸ்பெக்டரம்மா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நம்ம ஸ்டேஷன் சமையலறையில உக்கார வைங்க. பின்கதவு திறந்தே இருக்கட்டும்... காத்து வரும்."