யாஸ்னாவின் வெந்நீர்

கடலிலிருந்து மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாதக் குளிர்காலக் காலையில்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். தால்காவானோ துறைமுகத்துக்கு மேலே, மேட்டுத் தெருவின் கடைசி வீடு. தகரக் கூரை, பச்சை பூசிய மரச்சுவர். கீழே மீன் ஆலைகளின் வாடை மழையிலும் ஏறி வந்தது.

கேஸ் கீசர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். அரசாங்க உரிமத்தோடு பத்தொன்பது வருஷமாகச் செய்கிறேன். என் பெயர் நினோஸ்கா. இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

கதவைத் திறந்தவர் அபெலினோ கார்காமோ. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது, அகலமான தோள். என்னையும் என் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆம்பளைங்க ரெண்டு பேர் வந்துட்டுப் போயிட்டாங்கம்மா. ஒருத்தன் பையைக்கூட எடுக்கல. அதோ கெடக்கு பாருங்க."

நடையின் மூலையில் ஒரு கருவிப் பை கிடந்தது. வாயைத் திறந்தபடி, தூசி படிந்து.

"என் ஸ்பானரை நான் யாருக்கும் விட்டுட்டுப் போறதில்ல ஐயா" என்றேன். அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

சமையலறையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். ரொட்டியைப் பிட்டு வெண்ணெய் தடவி என் பக்கம் தள்ளினார். மூத்த மகள் கரோலா வடக்கே இக்கீக்கேயிலிருந்து ஆறு மாதக் குழந்தையோடு சனிக்கிழமை வருகிறாள், இனி இங்கேதான் இருக்கப் போகிறாள், குழந்தைக்கு வெந்நீர் வேண்டும் என்றார். எந்த வகை வாங்கலாம் என்று கேட்டார். வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை நானும் கேட்டேன். எத்தனை பேர், எத்தனை குழாய், சிலிண்டர் எங்கே நிற்கும். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் கொடுக்கிற கீசர் போதும், எரிகிற அறை முழுக்க மூடியிருக்கிற வகையாக எடுங்கள் என்றேன். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து கரி எடுக்க வேண்டும், புகைக்குழாயைப் பார்க்க வேண்டும், தீ நீலமாக இருக்கிற வரை நல்லது, மஞ்சளானால் உடனே அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும் என்றேன்.

"மாட்டுறது மட்டும் வெளிச்சுவர்ல ஐயா. குளிக்கிற எடத்துல மாட்டவே கூடாது."

அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு வருஷம் குளிக்கிற எடத்துலதாம்மா இருந்துச்சு" என்றார்.

பிறகு சொன்னார். இளைய மகள் யாஸ்னாவுக்கு இருபத்து மூன்று வயது. கீழே மீன் ஆலையில் வேலை. பத்து மணி நேரம் பனிக்கட்டிக்குள் கை விட்டு மீன் சுத்தம் செய்வாள். வீட்டுக்கு வரும்போது விரல் மடங்காது. சட்டைப் பொத்தானை அவர்தான் கழற்றிவிடுவார். நேராகப் போய் வெந்நீரில் நிற்பாள். அவளுக்கு இருந்த ஒரே சுகம் அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. பழைய கீசரின் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. விஷவாயு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும்.

அன்றிலிருந்து அவர் அந்த அறையைத் திறப்பதில்லை. சமையலறையில் கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி மேலுக்கு ஊற்றிக்கொள்கிறார்.

"முதல்ல அந்தப் பழசைக் கழட்டிருங்கம்மா" என்றார். "அதுக்குத்தான் யாராலயும் முடியல."

குளியலறை நடையின் கடைசியில் இருந்தது. உள்ளே போனதும் முதலில் என் கண்ணில் பட்டது காற்றுத் துளை. கூரையை ஒட்டி, கையகல ஓட்டை. அதைச் சுற்றி நான்கு பக்கமும் ஒட்டுப்பட்டையின் பசைத் தடம் சதுரமாக மஞ்சளேறி இருந்தது. யாரோ அதை அடைத்திருக்கிறார்கள், தீயணைப்புக்காரர்கள் பிய்த்திருக்கிறார்கள். புகைக்குழாய் ஓட்டை மட்டும் என்றால் அந்தப் பெண் தலைவலியோடு தப்பியிருக்கக்கூடும். அது எனக்குப் பார்த்த உடனே புரிந்தது.

பழைய கீசர் சுவரில் தொங்கியது. முகத்தில் கரி. கேஸ் குழாயை இரண்டு வருஷத்துக்கு முன்பே அறுத்து மூடியிருந்தார்கள். தண்ணீர் வால்வும் மூடித்தான் இருந்தது. நானே இன்னொரு தடவை திருகிப் பார்த்தேன். குளியல் தொட்டியின் அடியில் தூசி. பழைய பிளாஸ்டிக் திரை பாதி இழுத்துக் கிடந்தது.

விஷவாயுவை அளக்கும் கருவியைப் பழக்கத்தால் வாஷ்பேசின் மேல் வைத்தேன். பூஜ்யம் காட்டியது. ஸ்பானரை எடுத்து முதல் மரையில் வைக்க, இடது கையால் குழாயைப் பிடித்தேன்.

குழாய் சுட்டது.

கையை இழுத்துக்கொண்டேன். வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். வெளியே மழை.

அப்போது ஒரு வாசனை வந்தது. சீமைச்சாமந்தி சோப்பு. ஈரத் தலைமுடி. முகம் பார்க்கும் கண்ணாடி கீழிருந்து மேலாக மெல்ல வெளுத்துக்கொண்டே போனது, யாரோ அருகில் நின்று மூச்சு விடுவது போல.

கருவி கூவத் தொடங்கியது. நாற்பது. நூற்றிருபது. முந்நூறு.

எரிவதற்கு அங்கே எதுவும் இல்லை.

கதவுக்குத் திரும்பினேன். நான் தாழ் போடவில்லை. ஆனாலும் கதவு வரவில்லை. கால்கள் மாவு மூட்டையாகக் கனத்தன. நெற்றிப் பொட்டில் சம்மட்டி அடித்தது. உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. பயம்கூடப் போய்விட்டது, அதுதான் அந்த வாயுவின் குணம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் உட்கார்ந்தேன்.

எண்ணூறு.

திரைக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம். நிதானமாக, நெடுநேரமாக விழுந்துகொண்டிருந்த தண்ணீரின் சத்தம்.

பிறகு ஒரு பெண்ணின் குரல். சோர்ந்த, சுகமான குரல்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா."

வெளியே நடையில் காலடிச் சத்தம் நின்றது. அவருக்கும் கேட்டிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

அப்புறம் கதவு அதிர்ந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாம் தடவை கீல் பிய்ந்து கதவு உள்ளே விழுந்தது. அவர் என் அக்குளில் கை கொடுத்து நடைக்கு இழுத்துப் போட்டார். "யாஸ்னா, யாஸ்னா" என்று என்னைத்தான் கூப்பிட்டார். நான் இருமியபடி இல்லை, இல்லை என்று தலையாட்டினேன்.

உள்ளே கருவி இன்னும் கூவிக்கொண்டிருந்தது. தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

அவர் குளியலறை வாசற்படியில் மண்டியிட்டார்.

"அன்னிக்கும் இப்படித்தான் கேட்ட" என்றார் திரையைப் பார்த்து. "நான், 'அவசரமில்ல கண்ணு, நல்லாக் குளி'ன்னேன். ஒரு மணி நேரம் தண்ணி ஓடுச்சு. புள்ள கை சூடேறட்டும்னு நான் கதவைத் தட்டவே இல்ல."

மேலே காற்றுத் துளையை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஓட்டையை அடைச்சது நான்தான் கண்ணு. காத்து வருதுன்னு சொன்னியே. சூடு உள்ளயே நிக்கட்டும்னு துண்டை வெச்சு அடைச்சு ஒட்டினேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உங்க அக்காகிட்டகூடச் சொல்லல. நான்தான்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அந்த அமைதி தண்ணீர்ச் சத்தத்தைவிட மோசமாக இருந்தது. திரையின் ஓரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"வெளிய குளிருதாப்பா?"

குளிரவில்லை, வந்துவிடு என்று அவர் பொய் சொல்லத்தான் நினைத்திருப்பார்.

"குளிருது கண்ணு" என்றார்.

அவ்வளவுதான். கண்ணாடியில் படிந்த ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வழிந்தது. கருவி பூஜ்யத்துக்கு இறங்கியது. தொட்டியின் அடியில் தூசி அப்படியே இருந்தது.

மறுநாள் தலைவலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், கேஸ் எரிகிற அறையில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று கேட்டார். கேஸே இல்லாத அறை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

திரும்பிப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் சனிக்கிழமை ஒரு குழந்தை அந்த வீட்டுக்கு வருகிறது. புதன்கிழமை போனேன். பழைய கீசரை நானும் அவருமாகக் கழற்றினோம். மரைகள் சொன்னபடி கேட்டன. குளியலறைச் சுவரில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று புதிதாகத் துளை போட்டு, யாரும் அடைக்க முடியாத மாதிரி இரும்பு வலை பதித்தேன். பழைய துளையையும் திறந்தே விடச் சொன்னார். புதிய கீசரைக் கொல்லைப்புறத்து வெளிச்சுவரில், மழை படாமல் ஒரு தகரத்தின் கீழே மாட்டினேன். வேலை செய்யும்போதெல்லாம் அவர் குடை பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். கரோலாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு தடவை கேட்டார். "நானே சொல்றேன், வந்த அன்னிக்கே சொல்றேன்" என்று அவரே முடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் வேலை முடிந்தது. சோதித்துப் பார்க்கச் சமையலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் கீசர் தெரியும். தீ பற்றியது. அழகான நீலம். அவர் விரலை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, "நல்ல சூடும்மா" என்றார்.

குழாயில் தண்ணீர் நிறைவாக விழுந்தது.

பிறகு பாதியாகக் குறைந்தது.

அடைப்பென்றால் தடுமாறித் தடுமாறி வரும். இது சட்டென்று, சரிபாதியாக. பத்தொன்பது வருஷத்தில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். வீட்டில் வேறொருவர் இன்னொரு வெந்நீர்க் குழாயைத் திறந்தால் இப்படித்தான் குறையும்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

நடைப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, எங்கள் குழாயை மெதுவாக மூடினார்.

தண்ணீர் நின்றால் தானாக அணைகிற கீசர், வெளியே அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது.

"விடுங்கம்மா" என்றார். "குளிக்கட்டும்."