தொள்ளாயிரத்து எழுபது

காலை ஏழு மணிக்கு ராணுவ மருத்துவமனையில் காப்பி வரும். கூடவே அச்சமானியும் வரும். காப்பியை வேண்டாம் என்று சொல்லலாம், அச்சமானியை அப்படிச் சொல்ல முடியாது. கழுத்துப்பட்டையில் மாட்டும் அந்தக் குட்டிக் கருவி, ஆயிரத்துக்கு எத்தனை பயம் என்று காட்டிவிடும்.

அது வந்த பிறகு வீரப்பதக்கத்துக்கு ஒரே விதிதான். பயம் எண்ணூறைத் தாண்டியிருக்க வேண்டும்; தாண்டியும் ஓடாமல் நின்றிருக்க வேண்டும். பயமே இல்லாதவர் நின்றால் அதில் என்ன வீரம்?

பாராசூட் படையின் மேஜர் திலகா, தொடையில் குண்டு பாய்ந்த பிறகும் ஒன்பது மணி நேரம் ஒரு பாலத்தைப் பிடித்து வைத்திருந்தவர். ஜோக் அடித்தபடியே பதினோரு பேரையும் உயிரோடு மீட்டு வந்தவர். அன்று அவர் பெயரில் பதிவான எண் வெறும் நாற்பது. பதக்கம் கிடையாது.

ஹவில்தார் சுடலைமுத்து கடிதத்தை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மேடம், இந்தக் கூத்தக் கேட்டியளா? பதக்கம் எனக்காம்! எனக்குத் தொள்ளாயிரத்து எழுபது பயமாம்!"

"வாழ்த்துகள் சுடலை."

"என்னத்த வாழ்த்து? எம் பொண்டாட்டி சிரிப்பா மேடம். சண்டைக்கு நடுவுல நான் பிஸ்கட்டுல்லா தின்னுக்கிட்டு இருந்தேன்!"

திலகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விமானத்திலிருந்து குதிக்கும் முன் ஒருவருக்கு இன்னொருவர் அச்சமானிப் பட்டை மாட்டி இறுக்குவது படையின் வழக்கம். அன்றைய அவசரத்தில் திலகாவின் பட்டை சுடலைமுத்துவின் கழுத்துக்கும், அவருடையது திலகாவின் கழுத்துக்கும் போய்விட்டது. நாற்பது என்ற எண்ணைப் பார்த்த அன்றே திலகாவுக்குத் தெரியும்.

கழுத்தைத் தடவிய சுடலைமுத்துவுக்கு இப்போதுதான் உறைத்தது. "பட்டை மாறிட்டு! அப்ப அந்தத் தொள்ளாயிரத்து எழுபது…"

"கத்தாதய்யா! பசங்களுக்குத் தெரிஞ்சா அடுத்த தடவ என் பின்னாடி எவன் குதிப்பான்? பதக்கத்த நீயே வாங்கிக்கோ."

சுடலைமுத்து கடிதத்தோடு வெளியே போனார். பத்தாவது நிமிடம், நர்ஸ் அதட்டுவதைக் காதில் வாங்காமல் பதினோரு பேரும் வார்டுக்குள் நுழைந்தார்கள்.

"சொல்லிட்டியா, படுபாவி?"

"பதக்கக் குழுவுக்கும் சொல்லிட்டேன் மேடம்."

திலகா போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். ஒவ்வொருவராகத் தங்கள் பதிவுச் சீட்டை நீட்டினார்கள். முப்பத்தைந்து. நாற்பத்திரண்டு. பதினெட்டு.

"அவ்வளவு குண்டு மழையில எனக்கு வெறும் பதினெட்டு," என்றாள் ரேடியோ ரெபேக்கா. "எப்படின்னு இப்பதான் புரியுது. மொத்த பயத்தையும் நீங்களே வெச்சுக்கிட்டீங்க. எங்களுக்கு மிச்சமே வைக்கல. இது அநியாயம் மேடம்!"

"அடுத்த தடவ பங்கு போட்டே ஆவணும்," என்றார் சுடலைமுத்து.

திலகா போர்வையை இறக்கினார். "சரி, என்னையும் சேர்த்து ஆளுக்கு எண்பது. ஆனா யாரும் அழக் கூடாது."

சொன்னவரே முதலில் அழுதார்.