அசையாமப் பிடி தாயி

காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையின் பாதம் எப்படி இப்படிச் சில்லிட்டுக் கிடக்கும் என்பதுதான் ஜெயக்கொடிக்கு முதலில் பிடிபடவில்லை. ஏசிக் குளிராக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, எம்.ஆர்.ஐ. மெஷினின் பின்பக்கத் துளைக்குள் முழங்கைக்கு மேலே வரை கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்னப் பாதத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

உள்ளே படுத்திருப்பவள் ரோகிணி, நாலு வயது. வலது முழங்கால் வீங்கி ஆறு நாளாயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எலும்புக்குள் சீழ் பிடித்திருந்தால் இதில் தெரிந்துவிடும், தெரிந்தால் இன்றைக்கே கீறி எடுத்துவிடலாம், விட்டால் ரத்தத்தில் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லி, பேரையூரிலிருந்து வந்தவளைச் சிம்மக்கல்லில் இருந்த இந்த ஸ்கேன் சென்டருக்கு அனுப்பியிருந்தார். திருப்பூர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் புருஷன் விருமாண்டி, இரண்டு முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. துணைக்கு வர வேறு நாதியில்லை.

ஸ்கேன் எடுக்கிற வெங்கடேஷ்பாபு, அவள் தாலியில் கோத்திருந்த ஊக்கு முதல் கால் மெட்டி வரை எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு, மெஷினுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தான்.

"மயக்க மருந்து கொஞ்சந்தான் குடுத்திருக்கு அக்கா. பாப்பா அசைஞ்சா படம் கெட்டுப்போகும், இன்னைக்கு இன்னொருக்க மருந்து குடுக்க முடியாது. காலை மட்டும் அசையாமப் பிடிச்சுக்கங்க."

அதே வார்த்தையை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் சோலையம்மாளுக்கும் இப்படித்தான் கால் வீங்கியது. விழுந்ததில் எலும்பு பிசகிவிட்டது என்று நினைத்து நாட்டு வைத்தியரிடம் தூக்கிப்போனாள். முட்டையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி அவர் துணியைச் சுற்றிச் சுற்றி இறுக்க, பிள்ளை அலறியது. "அசையாமப் பிடி தாயி" என்றார். பிடித்தாள். ஐந்து விரலும் அவள் உள்ளங்கைக்குள் மடங்கி மடங்கி விரிந்தன. ஒன்பதாம் நாள் சோலை போய்விட்டாள். அன்றிலிருந்து ஜெயக்கொடி தன் கைகளை மன்னித்ததில்லை.

மெஷின் தொடங்கியது. பூட்டிய கதவை உள்ளேயிருந்து யாரோ உதைப்பது போன்ற சத்தம், காதில் அடைத்த பஞ்சையும் தாண்டிப் பல்லுக்குள் இறங்கியது. ஜன்னல் இல்லாத அறை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிற வெங்கடேஷ்பாபுவுக்கு மெஷின்தான் தெரியும், அவள் தெரியமாட்டாள். இரண்டு சத்தத்துக்கு நடுவே விழுந்த அமைதியில் ஒரு வாடை வந்தது. மருந்து வாடை இல்லை. பச்சை முட்டை.

மறு கையையும் உள்ளே விட்டுத் தடவினாள். மேசையோடு பட்டை போட்டுக் கட்டியிருந்த ரோகிணியின் வலது கால் தோசைக்கல்லாகச் சுட்டது. பக்கத்தில் இடது கால். அதுவும் சுட்டது.

அப்படியென்றால் இந்தக் கையில்?

விரலை மெல்ல நகர்த்தினாள். கணுக்காலுக்கு மேலே துணி. ஈரத்துணி. இறுக்கமான கட்டு.

தொண்டைக்கு வந்த அலறலை அப்படியே விழுங்கினாள். கத்தினால் ரோகிணி முழித்துவிடுவாள். கையை உதறினால் அசைந்துவிடுவாள். படம் போகும். இந்தப் பிள்ளையும் போகும்.

மைக்கில் வெங்கடேஷ்பாபுவின் குரல் வந்தது. "இன்னும் நாலு நிமிஷம் அக்கா. ஆடாம இருக்கு. அப்படியே பிடிங்க."

பிடித்தாள்.

சத்தம். அமைதி. முட்டை வாடை. மறுபடி சத்தம். உள்ளங்கையில் ஒரு சின்ன விரல் மடங்கியது. பிறகு அடுத்தது.

"சோலை, வலிக்குதாடி?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஐந்து விரலும் விரிந்தன.

சத்தம் நின்றது.

"முடிஞ்சிருச்சு அக்கா. எடுக்க எடுக்கவே படத்தை டாக்டருக்கு அனுப்பிட்டேன், பாத்துட்டாரு, எலும்புல சீழ்தான். சாயங்காலமே ஆபரேஷன் பண்ணிரலாம்னாரு. நல்லவேளை, நேரத்தோட வந்துட்டீங்க."

மேசை முன்பக்கமாக நகர்ந்தது. சூடான இரண்டு கால்களும் அவள் விரல்களை உரசிக்கொண்டு விலகிப் போயின. துளையின் அந்தப் பக்கத்தில் வெங்கடேஷ்பாபு ரோகிணியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்வது தெரிந்தது. பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஜெயக்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கையை எடுங்க அக்கா."

விரல்களை விரித்தாள். வெளிச்சம் போட்ட வெறும் துளைக்குள் அவள் கை மட்டும் தனியாக நீண்டிருந்தது.

இழுத்தாள். வரவில்லை.

சில்லிட்ட சின்னக் கை ஒன்று அவள் மணிக்கட்டை அசையாமல் பிடித்திருந்தது. அதற்கு மேலே, ஈரத்துணி ஒரு சுற்றுச் சுற்றியது. இறுகியது. இன்னொரு சுற்று.