ஆறு பேருக்கான பயணம்

மழை... எதிர்க்கடைப் பெயர்ப்பலகைகூடத் தெரியாத டிசம்பர் மழை.

அந்த மழைக்குள்ளிருந்துதான் அவன் வந்தான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவனின் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டி, நிப்லா அப்போதுதான் துடைத்து முடித்திருந்த தரையில் குளம் கட்டியது.

"இஞ்ச... கால்மிதி ஒண்டு கிடக்கே, கண் தெரியல்லயா?"

அவன் நிமிர்ந்தான். நனைந்த இமைகளுக்குள் இரண்டு கரிய கண்கள்... மிகத் தொலைவிலுள்ள எதையோ பார்த்துப் பார்த்துப் பழகிப்போன கண்கள். அந்நிய ஆணின் முகத்தைப் பார்ப்பது ஷரிபுதீன் ஹாஜியாரின் மகளுக்கு அழகல்ல. நிப்லா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதன் பிறகும் பார்த்தாள்.

கல்முனையில் ஹஜ், உம்றாப் பயணங்களுக்கு ஹாஜியாரின் பயண முகவர் நிலையத்தைத்தான் நம்புவார்கள். மே மாதம் யுத்தம் முடிந்த பிறகு வேறு நாடுகளைப் பார்க்கவும் ஆட்கள் ஆசைப்பட்டார்கள். கணினி தெரிந்தவள் நிப்லாதான். ஆனால் கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை தனியே உட்கார்ந்து வாடிக்கையாளரோடு கதைப்பதா? அதற்காகவே ஹாஜியார் தன் விதவைத் தங்கை சபூறாவை வெற்றிலைப் பெட்டியோடு மூலையில் இருத்தியிருந்தார்.

"ஐரோப்பாக்குப் போகணும். ஆறு பேர்" என்றான் அவன். பெயர் அர்ஹம். ஊர் மருதமுனை.

"ஒன்பது நாள் பயணம் ஒண்டு இரிக்கி. எல்லாரும் அதுலதான் போறாங்க."

அவள் நீட்டிய தாளை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தான். "இதுல போனா எங்கட ஊட்டுல அஞ்சு பேரும் அஞ்சு பக்கம் மூஞ்சத் திருப்பிக்கிட்டு இருப்பாங்க."

"அப்ப அவங்களுக்கு என்ன வேணுமாம்?"

"உம்மாக்குப் பனியக் கையால தொடணும். வாப்பாக்குக் கோர்டோபால இருக்கிற பழைய பள்ளிவாசலப் பாக்கணும், அதோட ஒரு வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகையும் தவறப்படா. தங்கச்சிக்கு ஈபில் கோபுரம். தம்பிக்கு பார்சிலோனா மைதானம். சாச்சிக்கு ஒல்லாந்துல பூத்தோட்டம்..."

"உங்கட ஊட்டுல எல்லாரும் ராசாமாரோ?"

"அதவிட மோசம்."

சிரித்துவிட்டாள். அவனும் சிரிக்கப் பார்த்தான்... ஆனால் அது உதட்டைத் தாண்டிக் கண்வரை ஏறவில்லை. ஆறு கடவுச்சீட்டுகளை மேசையில் அடுக்கி, வீட்டுத் தொலைபேசி எண்ணைப் படிவத்தில் எழுதிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

"பொடியன்ட கண்ணப் பாத்தியா புள்ள?" என்றாள் சபூறா மாமி.

"நான் எங்க பாத்த?"

"ஓம்... நீ தரையத்தானே பாத்த!"

இரண்டு நாள் நிப்லா வரைபடத்தோடு மல்லுக்கட்டினாள். முதலில் ஒல்லாந்து. பெரிய பள்ளிவாசல் இருப்பதால் வெள்ளிக்கிழமை பாரிஸ். பிறகு சுவிஸ் மலை, பார்சிலோனா, கோர்டோபா. எல்லாம் பொருந்தியது. மலைக்கு பஸ்ஸா ரயிலா என்பதுதான் தெரியவில்லை. அவன் உம்மாவையே கேட்டுவிடலாமே என்று படிவத்திலிருந்த எண்ணை அழுத்தினாள்.

மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தவுடன் இரைச்சல்... சங்கைக் காதில் வைத்தாற்போல. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், நிதானமாக, தூக்கத்தில் எழுந்தவள்போல.

"பஸ் எனக்கு ஒத்துவராது மகள். ரயில்ல போடுங்க. ஜன்னல் பக்கம்."

நிப்லா இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் அவன் வந்ததும் குறும்பாகச் சொன்னாள். "உங்கட உம்மாவோட நான் கதைச்சிட்டன். ரயில்தானாம், ஜன்னல் பக்கமாம். எப்புடி எங்கட வேல?"

அர்ஹமின் முகம் வெளிறிப்போனது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எந்த நம்பருக்கு எடுத்தீங்க?"

"நீங்க எழுதின நம்பருக்குத்தான்..."

"அது கடற்கரை ஊட்டு நம்பர்" என்றான், மிக மெதுவாக. "அந்த ஊடு இப்ப இல்ல. சுனாமியில போயிட்டு. உம்மாவும் போயிட்டாங்க... அஞ்சு பேரும்."

சபூறா மாமியின் கையிலிருந்த பாக்குவெட்டி தரையில் விழுந்தது. நிப்லாவின் கண் தானாகக் கடவுச்சீட்டுகளின் மேல் போனது. 2004இல் எடுத்தவை. ஒரு மூலைகூட நனையவில்லை. இன்னும் ஐந்து வருடம் செல்லுபடியாகும்.

அவனே சொன்னான். விசா எடுப்பதற்காக அந்தக் கடவுச்சீட்டுகளோடு அவன் அப்போது கொழும்பில் நின்றான். எந்த ஊருக்கு முதலில் போவதென்று வீட்டில் ஓயாத சண்டை. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகக் கடலைவிட்டுத் தள்ளி, நிந்தவூர் வயல்பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போவதாக இருந்தார்கள். சலித்துப்போன அவன் போனில் கத்தினான். ஒருத்தரும் எங்கயும் போகப்படா, காலைல ஒன்பது மணிக்கு எல்லாரும் போனடியில இருங்க, ஒரு முடிவு சொல்லுங்க...

"இருந்தாங்க" என்றான் அர்ஹம். "நான் சொல்லித்தான் இருந்தாங்க."

மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

"இப்ப கனவுல வந்து கேக்கிறாங்க, எங்கட பயணம் என்னாச்சு எண்டு. எல்லாருக்கும் புடிச்ச மாதிரி ஒரு பாதை போட்டுக் குடுக்கணும். பயணத் திகதி இந்த மாசம் இருவத்தாறு."

"டிக்கட் அஞ்சுதானே?" என்றாள் நிப்லா.

"ஆறு."

போன ஐவரோடு தானும் போகப்போகிறான்... கடலைத்தான் சொல்கிறான்! தொலைபேசியில் பேசியது மவுத்தானவளின் குரல் என்று தெரிந்தபோதுகூட வராத பயம் இப்போது வந்தது. வழிக்கெல்லாம் காவலாக அல்லாஹ் இருக்கிறான். ஆனால் இவன் கையைப் பிடித்து நிறுத்த இந்தக் கரையில் ஒரு மனிதரும் இல்லை. இவள் திட்டத்தை முடித்துக் கொடுக்கும் நாள்தான் இவனுடைய கடைசி நாள்.

அன்றிலிருந்து நிப்லா பிழைவிடத் தொடங்கினாள். வேண்டுமென்றே.

"பாரிஸ்ல ஹோட்டல் நிரம்பிட்டாம். நாளைக்கு வாங்க."

வந்தான்.

"ஜும்ஆவ ரயிலுக்குள்ள கொண்டுபோய் வெச்சிட்டன். வாப்பா கோவிப்பாரே... நாளைக்கு வாங்க."

"உங்களுக்கு இந்த வேல தெரியுமா, தெரியாதா?"

"தெரியாட்டி வேற கடைக்குப் போங்களன்!"

போகவில்லை. தம்பி கோல் அடித்து அயல்வீட்டு ஓடு உடைத்த கதை, சாச்சி கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடிய கதை... ஒவ்வொரு நாளும் ஒன்று சொன்னான். ஒருநாள் சிரிப்பு அவன் கண்வரை ஏறியது. அன்றிரவு நிப்லாவுக்குத் தூக்கம் வரவில்லை. யா அல்லாஹ்... எனக்கு என்ன நடந்தது?

இருபத்துமூன்றாம் திகதி ஹாஜியார் மகளை வீட்டில் முன்னால் நிறுத்தினார். அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்துவதுமில்லை.

"ஒரு பயணத்துக்கு மூணு கிழமையா?"

நிப்லா மறைக்கவில்லை. அவன் கதையைச் சொன்னாள், இருபத்தாறைச் சொன்னாள், தன் மனதையும் சொன்னாள். சொல்லும்போது கண் நிலத்தில்தான் இருந்தது. குரல் மட்டும் தளரவில்லை.

ஹாஜியாரின் தாடி அசைந்தது. இந்தக் கரையில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். மாப்பிள்ளையின் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று அழைக்க வேண்டும். பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவருடைய வாப்பா அப்படித்தான் வந்தார். அவரும் அப்படித்தான் வந்தார்.

"அந்தப் பொடியனில எனக்குக் குறை இல்ல. ஆனா நான் ஆரிட்டப் போய்க் கேக்கிற? 'வாங்க' எண்டு சொல்ல ஆரு இரிக்காங்க? ஷரிபுதீன்ட மகள் றோட்டுல மாப்பிள்ள எடுத்தாள் எண்டு ஊர் கதைக்கவா? ஆள் இல்லாத ஊட்டுல, ஊடே இல்லாத வளவுல நான் போய் நிக்கவா?"

"ஊடு இரிக்கி வாப்பா" என்றாள் நிப்லா. "சுவருதான் இல்ல."

அவர் எழுந்து போனார். மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

இருபத்தாறாம் திகதி காலை, சுபஹுத் தொழுதுவிட்டு வந்தவர் பெருநாளுக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையை எடுத்து உடுத்தினார்.

"சபூறா, தட்டு வை. வட்டிலாப்பம், வாழைப்பழம், எல்லாம். மகள், நீயும் வா. இது முறையில்ல... ஆனாலும் வா."

மருதமுனைக் கடற்கரையில் அர்ஹமின் வீடு நின்ற அந்த வளவு வெறுமையாகக் கிடந்தது. கடலோரத்தில் கட்டக் கூடாதென்ற சட்டத்தால் யாரும் திருப்பிக் கட்டவில்லை. மூன்று படிகள், மணல் மூடிய சிமெந்துத் தரை, ஒரு பாதிச் சுவர். அதற்கப்பால் அலைவாயில், முழங்கால் நீரில், அர்ஹம் அவர்களுக்கு முதுகு காட்டி நின்றான். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

நிப்லா ஓடப்போனாள். ஹாஜியார் கையைப் பிடித்தார். "பொறு. முதல்ல ஊட்டாளுகளுக்குச் சலாம்."

கதவில்லாத வாசலின் முன் நிமிர்ந்து நின்று, ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

அர்ஹம் திடுக்கிட்டுத் திரும்பினான்.

கடல் ஓய்ந்தது. அலை ஒன்று உயர்ந்து, விழாமல், ஓசையில்லாமல் மணலில் கரைந்தது. காகம்கூடக் கத்தவில்லை.

"நானா, உள்ளுக்குப் போவமே" என்று தமையனிடம் முணுமுணுத்தாள் சபூறா மாமி.

"கூப்பிடாம எப்புடிப் போற?"

நின்றார்கள். காற்றே இல்லை. ஆனால் சிமெந்துத் தரையில் படிந்திருந்த ஈரமணல் மெல்லப் பதிந்தது... ஓர் இடத்தில். அதன் பக்கத்தில் இன்னோர் இடத்தில். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து. வந்தவர்களுக்கு இடம்விட்டு ஒதுங்கி வரிசையாக யாரோ உட்கார்வதுபோல.

எவருக்கும் வளையாத ஹாஜியாரின் முதுகு வளைந்தது. குனிந்து செருப்பைக் கழற்றினார். மூன்று படியும் ஏறி, வெறுந்தரையில் சப்பணமிட்டு, அந்த ஐந்து பதிவுகளுக்கும் எதிரே உட்கார்ந்தார்.

"என்ட மகள் நிப்லாக்கு உங்கட மகன் அர்ஹம மாப்பிள்ளையாக் கேட்டு வந்திருக்கன். ஊடு தாறன். மகன் மாதிரிப் பாத்துக்குவன். இது ஷரிபுதீன்ட சொல்."

வெகுநேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருமுறை தலையசைத்தார்.

"சம்மதமாம்" என்றார்.

யார் சொன்னார்கள் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. மகளைப் பார்த்து, "இனிப் போ" என்றார். அது அனுமதியா கட்டளையா என்று தெரியவில்லை. நிப்லா ஓடினாள்.

அர்ஹம் அதே நீரில் நின்றான். கன்னம் முழுக்க நனைந்திருந்தது. மழை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

"பாதை முடிஞ்சிட்டு" என்றாள் அவள், மூச்சிரைக்க. "உம்மாக்குப் பனி, வாப்பாக்குப் பள்ளி, தங்கச்சிக்கு, தம்பிக்கு, சாச்சிக்கு... ஒருத்தருக்கும் குறையில்ல. அவங்க போய் வரட்டும். நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எங்க போகணும்? இத்தன நாளும் நானும் கேக்கல்ல, ஒருத்தரும் கேக்கல்ல..."

அவன் வளவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அந்தக் கண்கள் முதன்முறையாகக் கிட்டத்தில் இருக்கும் ஒன்றைப் பார்த்தன.

"உங்கட ஊட்டுக்கு" என்றான், உடைந்த குரலில். "எனக்கு உங்கட ஊட்டுக்கு வரணும் நிப்லா. அங்கயிருந்து கொஞ்சக் காலம் எங்கயும் போகாம... நீங்க பிழபிழயாப் பாதை போட்டீங்களே, அதெல்லாம் எனக்கு விளங்கினது. விளங்கித்தான் வந்தன். உங்கள ஒருக்காப் பாக்கிறதுக்கு..."

"நான் மட்டும் என்னத்துக்குப் பிழ விட்ட?" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நாளைக்கு நீங்க வரமாட்டீங்களே எண்டு பயந்துதான். உங்கள விட்டா எனக்கு ஏலாது. அவ்வளவுதான்."

அவள் திரும்பி நடந்தாள். ஓர் அடி... இரண்டடி... பின்னால் நீர் கலைந்து அவன் கரையேறும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கடல் மறுபடியும் இரையத் தொடங்கியது.