பலகையில் 212 இல்லை!

"ஐயோ… ஆள் கீறான்! கல்லுக்கு அடியில ஆள் கீறான்!"

இரண்டாவது ஷிப்ட் இறங்கி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் சுரங்கத்தில் ஆள் ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு, கேஜ், அலறலோடு மேலே வந்தது.

1906, மே மாதக் கடைசி. மணி இரண்டரை. கோலார் தங்க வயலில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

கேஜில் நான்கு பேர் நின்றார்கள். ஐந்தாமவன் கோணியில் கிடந்தான்.

பெயர் இன்பராஜ். வேலையில் சேர்ந்து பதினைந்தே நாள். பின்மண்டை நசுங்கியிருந்தது.

"காலம்பற ஷிப்ட்டு ஆளு," என்றான் ராஜப்பா. கேஜுக்கு மணி அடிக்கிறவன். "மூலையில தனியா கல்லு வாரிகினு இருந்தான். மேல இருந்து விழுந்திருக்கு… பாவம்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். சுரங்கத்தில் கல் விழுவது புதிதா என்ன?

சேதி கேட்டு ஓடி வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் ஹரோல்ட் மட்டும் தலையாட்டவில்லை. மாற்றலாகி வந்து ஒரே வாரம். சட்டைக்காரர் (ஆங்கிலோ இந்தியர்) வீட்டுப் பிள்ளை. தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ரெண்டு மணிக்குக் காலை ஷிப்ட் ஏறி வந்துச்சே… ஒரு ஆள் குறையறான்னு யாருக்கும் தெரியலியா?"

"தெரியல தொரை." ராஜப்பா சுவரைக் காட்டினான். "இறங்கறவன் தன் பித்தள டிக்கெட்ட அந்தப் பலகையில மாட்டிட்டுப் போவான். ஏறினதும் எடுத்துக்குவான். டிக்கெட்டு தொங்கினா ஆள் கீழ கீறான்னு அர்த்தம். ரெண்டு மணிக்குப் பலகை காலி!"

"இவன் நம்பர்?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"அப்படின்னா… செத்தவன் மேல வந்து டிக்கெட்டை எடுத்துகினு, திரும்பக் கீழ போய்ப் படுத்துட்டானா?"

யாரும் சிரிக்கவில்லை.

பலகைக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த டிக்கெட் ரைட்டர் ஏனோக்கு நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

வயது நாற்பத்து நாலு. கல்யாணம் ஆகவில்லை. பதினைந்து வருடமாக அதே நாற்காலி. பகலில் முந்நூறு பேருக்கு வணக்கம் சொல்வான். வீட்டுக்குப் போனால் சுவரோடுதான் பேச வேண்டும்.

அவன் வாழ்க்கையில் நடந்தது ஒன்றே ஒன்று. ஈஸ்டருக்கு பவுரிங்பேட்டையில் (இன்றைக்கு அதைத்தான் பங்காருபேட்டை என்கிறோம்) ரயிலேறிப் புதுச்சேரி போனான். பிரெஞ்சுக்காரன் சீமை. ஜூடித் என்ற பள்ளிக்கூட டீச்சரின் நீலக் கதவு வீட்டு மாடியில் பத்து நாள் வாடகைக்குத் தங்கினான். கிளம்பும்போது அவள், "கட்டாயம் எழுதுங்க," என்றாள்.

அவ்வளவுதான்! அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு மனசுக்குள் ஒரு குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிட்டான்.

அடுத்த மாதமே அங்கே தேர்தல் வந்தது. முடிவு சொன்ன அன்றைக்கே அடிதடி. தோற்ற கட்சி ஜெயித்த கட்சியின் தெருக்களைக் கொளுத்தியது. தந்திக் கம்பிகள் அறுந்தன. தபாலும் நின்றது.

ராபர்ட்சன்பேட்டை வாசகசாலையில் மூன்று நாள் பழைய பேப்பரை ஏனோக்கு எழுத்தெழுத்தாகப் படித்தான். 'பதினோரு பேர் சாவு… பெயர் தெரியவில்லை.' நாலு கடிதம் போட்டான். ஒன்றுக்கும் பதில் இல்லை.

உயிரோடு இருக்கிறாளா? அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிய வேண்டும்.

"எந்த ஊர்லயோ ஓட்டுப் போட்டா நீ இன்னாத்துக்குண்ணே பட்டினி கெடக்கறே? ஓட்டுன்னா இன்னா, தின்ற பண்டமா?" என்று ராஜப்பாகூடக் கேலி செய்தான்.

ஹரோல்ட் மேஜை மேல் உட்கார்ந்தார்.

"ஏனோக்கு… 212-ஐ யாரு எடுத்தா?"

"அவனே எடுத்திருப்பான் தொரை. கூட்டத்துல கவனிக்கல."

"அவனைத் தெரியுமா?"

"தெரியும். புதுச்சேரிக் கலாட்டாவுல இருந்து ஓடி வந்தவன். தெனம் சேதி சொல்வான்… எந்தத் தெரு எரிஞ்சது, யாரு செத்தாங்கன்னு."

"அண்ணன்தான் தெனம் அவனுக்குக் கறிசோறு வாங்கிக் குடுப்பாரு," என்றான் ராஜப்பா.

ஹரோல்ட் பிணத்தின் கையைத் தூக்கிப் பார்த்தார். விறைக்கத் தொடங்கியிருந்தது.

"செத்து மூணு மணி நேரமாவது ஆயிருக்கும். பதினோரு மணி வாக்குல யாரு கீழ போனது?"

"யாரும் இல்ல தொரை. அண்ணன் மட்டும் ஆள் எண்ண இறங்கினாரு. அது தெனம் நடக்கறதுதான்."

ஹரோல்டின் கை மேஜை டிராயரைத் தொட்டது.

"ஐயோ, அது வேணாம் தொரை!" ராஜப்பா பதறினான். "அது செத்தவங்க டிராயரு! கீழ எவனாவது செத்தா அவன் டிக்கெட்டு பலகையில தொங்கக் கூடாது. ஓடி வர்ற பொஞ்சாதி கண்ணுல பட்டா வயிறு எரியும்ல? அண்ணன் மொத வேலையா அத்த கழட்டி, கறுப்பு நூல் சுத்தி உள்ள போட்டுருவாரு. பதினஞ்சு வருசமா தவறினதே இல்ல."

ஹரோல்ட் டிராயரை இழுத்தார்.

மேலாகவே கிடந்தது… கறுப்பு நூல் சுற்றிய 212!

"இவன் செத்தது ரெண்டரைக்குத்தான் ஊருக்குத் தெரியும். நீ எப்பக் கழட்டினே?"

ஏனோக்கு தன் கைகளையே பார்த்தான்.

"பதினொன்னரைக்கு," என்றான்.

டிக்கெட்டைத் தொங்கவிட்டிருந்தால் இரண்டு மணிக்கே தேடியிருப்பார்கள். கல் விழுந்தது என்று புதைத்திருப்பார்கள். கெட்ட பழக்கம் ஆளைக் கெடுக்கும் என்பார்கள். இவனை நல்ல பழக்கம் கெடுத்தது.

"அவன்தான் கொளுத்தினான் தொரை!" ஏனோக்கு வெடித்தான். "நேத்து குடிச்சிட்டு அவனே சொன்னான். நீலக் கதவு வீட்டுக்கு நான்தான் தீ வச்சேன், உள்ள டீச்சரம்மா கத்துச்சுன்னு சொல்லிச் சிரிச்சான்! எனக்குன்னு அவங்க ஒருத்தர் இருக்காங்கன்னு நெனச்சுகினுதான் மூச்சு விட்டேன். அதுவும் போச்சு… கல்லைத் தூக்கிப் போட்டுட்டேன்."

ராஜப்பா தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அடப்பாவி அண்ணே! இன்பராஜ் குடியாத்தத்து ஆளு! எங்க தங்கம்மா பெரியம்மா இருக்கற தெரு. புதுச்சேரிய அவன் கனவுலகூடப் பார்த்ததில்ல! கறிசோத்துக்காகக் கதை விட்டான், போதையில பெரிய ரவுடி மாதிரி அளந்திருக்கான்!"

"பொய்! நீலக் கதவு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நீதானண்ணே தெனம் தெனம் சொன்னே! நீ சொன்னத்தையே திருப்பிச் சொன்னான்… நீயும் வாயப் பொளந்து கேட்டே. பேச ஒரு ஆள் கெடச்சுதே, சந்தோசமா இருக்கட்டும்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

ஏனோக்கு டிராயரை மெல்ல மூடினான். இத்தனை நாளும் ஜூடித்தைப் பற்றி அவனுக்குச் சேதி சொன்னவன் அவனேதான் என்பது இப்போதுதான் உறைத்தது.

வாசலில் சைக்கிள் மணி.

"சார்! ஏனோக்குன்றவருக்குத் தந்தி!"

ஹரோல்ட் வாங்கிப் பிரித்தார். ஒருமுறை மௌனமாகப் படித்தார். பிறகு உரக்கத் தமிழில் சொன்னார்.

"'தபாலும் தந்தியும் இப்போதுதான் சரியாயின. நலம். வீடு பத்திரம். உங்கள் நாலு கடிதமும் கிடைத்தன. தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. நாளைப் பகல் வண்டியில் பவுரிங்பேட்டை வருகிறேன். ஜூடித்.'"

ஏனோக்கு அழுதான். அழுகையோடு சிரிக்கவும் செய்தான். பார்க்கவே பயமாக இருந்தது.

"உயிரோட கீறாங்க… எனக்காக வர்றாங்க!" சட்டென்று ஹரோல்டின் கையைப் பிடித்துக்கொண்டான். "தொரை… நாளைக்கு ஒரே ஒரு தடவை ஸ்டேஷனுக்குப் போயிட்டு வரட்டுமா? அவங்களுக்கு இங்க யாரையும் தெரியாது. கூட்டத்துல தனியா நிப்பாங்க."

ஹரோல்ட் அந்தக் கையிலேயே விலங்கை மாட்டினார்.

"கவலைப்படாதே, நானே கூட்டிகினு போறேன். அவங்க இறங்கற வண்டியிலதான் உன்னை பெங்களூர் ஜெயிலுக்கு ஏத்தணும்… இடம் பிடிக்கற கஷ்டம் இல்ல, அவங்க சீட்டு காலியாத்தான் இருக்கும்!"