மூச்சு விடாத குரல்

அலறியது சவுண்ட் இன்ஜினியர்தான்!

ஆனால் அது வெளியே ஒருவருக்கும் கேட்கவில்லை. ரெக்கார்டிங் அறையின் கதவு அப்படிப்பட்ட கதவு.

மைக் ஸ்டாண்டுக்குக் கீழே பாடகி சரிந்து கிடந்தார். பக்கத்தில் மூடி திறந்த வெந்நீர் பிளாஸ்க். உடம்பில் உயிர் இல்லை.

மணி காலை ஒன்பது இருபது.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். வரவேற்பறை சோபாவில் நாலு பேர். பாடகியின் கணவர், பாடகியின் தங்கை, இன்ஜினியர், போன் கம்பெனி மேனேஜர்.

செல்போன் விற்றுக்கொண்டிருந்த கம்பெனி அது. போன வருஷம் பாட்டு வியாபாரத்திலும் காலை வைத்து, இந்த ஸ்டூடியோவை மேஜை நாற்காலியோடு வாங்கிப் போட்டிருந்தது.

"வெந்நீர்ல விஷம்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒன்பது பத்துக்கு அவங்க போன்லேர்ந்து உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கு சார். போடுங்க."

கணவர் அழுத்திவிட்டு, போனை டீப்பாய் மேல் வைத்தார்.

'என்னால இனிமே முடியலைங்க... தங்கச்சி அப்படிச் சொன்னதுக்கப்புறம் வாழவே பிடிக்கல... நான் போறேன்... யாரையும் குத்தம் சொல்லாதீங்க...'

தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து நான்தான் சார் திட்டினேன். உன்னைப் பார்த்துக்கிட்டே என் வயசு போச்சுன்னு சொன்னேன். ஒரு வார்த்தை சார்... அதுக்கா போயிட்டா?"

"விடும்மா. உன் அக்கா மனசு அப்படி," என்றார் கணவர்.

இன்ஜினியர் போன் பக்கம் குனிந்தார்.

அந்தக் குரலில் மூச்சு இல்லை!

அழுதுகொண்டே பேசுகிற ஒருத்தி, ஓர் இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. பாடகிக்கோ இழுப்பு உண்டு. வரிக்கு வரி அந்தச் சத்தம் மைக்கில் விழும். அதில் அவருக்கு ரொம்பக் கூச்சம்.

'என் மூச்சையெல்லாம் வெட்டிடு தம்பி. யாருக்கும் தெரிய வேண்டாம்.'

பதினோரு வருஷம் வெட்டினார் இன்ஜினியர். வெட்டிச் சுத்தம் செய்த அந்தக் குரலைத்தான், மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு மேனேஜரிடம் கொடுத்தார். குரலை மெஷினுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது என்று பாடகி ஏற்கெனவே மறுத்திருந்தார். புது ஸ்டூடியோவில் தலைமைப் பதவி தருகிறோம் என்றார்கள். மனுஷன் விழுந்துவிட்டார்.

அந்தக் குரலைத் தின்று வளர்ந்த மெஷின் இப்போது எதை டைப் அடித்தாலும் பாடகி மாதிரியே பேசும். பாடும். மூச்சு மட்டும் வாங்காது. அதற்கு யாரும் மூச்சைக் காட்டியதே இல்லை.

சொன்னால் வேலை போகும், மானம் போகும், ஜெயிலும் உண்டு.

சொல்லாவிட்டால் இந்தப் பெண் ஆயுசுக்கும் தன்னையே கொலைகாரி என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

"சார்... அது அக்கா பேசினது இல்ல," என்றார்.

"பின்னே?"

"மெஷின். அக்கா குரலைத் திருடிக் கொடுத்தது நான்தான்."

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு ரெண்டு அறை வாங்கியிருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் மேனேஜர் பக்கம் திரும்பினார். மேனேஜர் பதறவில்லை. லேப்டாப்பைத் திறந்தார்.

"மெஷின்ல யார் எதை டைப் அடிச்சாலும் பதிவாயிடும் சார். இதோ, இன்னைக்குக் காலையில ஏழு நாற்பது. இதே வார்த்தைங்க."

"யாரு?"

"நம்ம இன்ஜினியர் ஐடி."

இன்ஜினியர் எழுந்தே விட்டார்.

"நான் இல்ல சார்... என் பாஸ்வேர்டை இவருக்கு, அக்கா வீட்டுக்கார மாமாவுக்குக் கொடுத்திருந்தேன். போன வாரம். அக்கா குரல்ல ரெண்டு பாட்டு போட்டுக் காட்டி, கையெழுத்துப் போட வைங்கன்னு..."

"பொய்," என்றார் கணவர். "தன் தலையைக் காப்பாத்திக்க என் தலையை உருட்டறான். எனக்கு டைப் அடிக்கவே வராது."

"மொபைல் நம்பர் இல்லாம எங்க ஆப் திறக்காது சார்," என்றார் மேனேஜர். "போன் கம்பெனியாச்சே நாங்க. காலையில திறந்த நம்பரும் இதுல இருக்கு."

இன்ஸ்பெக்டர் அந்த எண்ணை அழுத்தினார்.

டீப்பாய் மேல் இருந்த கணவரின் போன் சும்மாவே கிடந்தது.

அவருடைய பேன்ட் பாக்கெட்டில் இன்னொன்று அடித்தது!

அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "நான்தான் கூப்பிடறேன்."

கணவர் எடுக்கவில்லை. இன்ஜினியரைத்தான் வெறித்தார்.

"ஒரு கையெழுத்துடா, அத்தனை பணம். அதைப் போட மாட்டேன்னா. அவ இல்லைன்னா வாரிசு நான் போடலாம்... நீ வாயைத் திறக்க மாட்டேன்னு நினைச்சேன். திறந்தா நீயும் மாட்டுவியே."

"அவங்க பையிலேர்ந்து போனை எடுத்து, அதுல மெஷின் குரலைப் பதிவு பண்ணி, நீங்களே உங்களுக்கு அனுப்பிக்கிட்டீங்க. பிளாஸ்க்கும் நீங்க கொண்டுவந்ததுதானே?"

கணவர் கையில் விலங்கு மாட்டினார்கள்.

இன்ஜினியர் தங்கையின் முன்னால் போய் நின்றார்.

"அக்கா தானா போகலம்மா. நீ காரணம் இல்ல."

"நீங்க?"

அவர் தலை குனிந்தார். நான் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் குரலும் இல்லை, இந்தக் கொலையும் இல்லை. தானாகவே இரண்டு கைகளையும் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"திருட்டுக் கேஸ் தனி. நீங்களும் வாங்க."

மேனேஜரின் போன் அடித்தது. பேசிவிட்டு, தயங்கித் தயங்கி நிமிர்ந்தார்.

"ஹெட் ஆபீஸ் சார். பாடகி இறந்துட்டாங்கன்னு சொன்னேன். மெஷின் பாடின பாட்டு, வெள்ளிக்கிழமை ரிலீஸ் தள்ளிப் போகுமான்னு கேட்கறாங்க..."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"புருஷன் உள்ளே, இன்ஜினியர் உள்ளே, லேப்டாப்போட நீங்களும் ஜீப்ல ஏறுங்க. பாக்கி உங்க மெஷின்தான். அதையும் தூக்கிட்டுப் போயிடுவேன்... விலங்கு மாட்ட அதுக்குக் கை இல்லையே!"