முடிக்காமல் வைத்த கை

பாண்டிச்செல்வி மதியத் தூக்கம் கலைந்து எழுந்தபோது பிறக்கப்போகும் பிள்ளைக்கு அவள் பின்னும் ஸ்வெட்டரின் இடது கை இரண்டு விரற்கடை நீண்டிருந்தது. நூல் நேற்றே தீர்ந்துபோயிருந்தது. முழங்கை அளவோடு நிறுத்தி, கண்ணிகளை ஊசியிலேயே விட்டு, கட்டில் ஓரம் வைத்தவள் அவள்தான்.

ஆனையூரில் உட்கார்ந்துகொண்டு உல்லன் ஸ்வெட்டரா என்று தெருவே கேலி செய்தது. ஃபேன் அனலை அள்ளி வீசும் அந்த வீட்டில் நூலைத் தொட்டாலே உள்ளங்கை கசகசக்கும். ஆனால் கணவன் அசோக்குமாருக்கு வேலை குன்னூரில். மார்கழிக் குளிரில் பிள்ளையை அங்கேதான் தூக்கிப்போக வேண்டும். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த மறுநாளே அவள் போனைப் பார்த்துப் பின்னப் பழகினாள். தப்புத் தப்பாகப் பின்னி, பிரித்து, இரண்டு முறை அழுது, ஒருவழியாகக் கைவந்தது. இதற்கு முன் இரண்டு கரு தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே என்ற பயத்தை மறக்கத்தான் ஊசியைப் பிடித்தாள்.

அம்மா ராக்கம்மாளுக்கு இது ஆகவே ஆகாது. பிறக்கும் முன்னே புதுத்துணி சேர்க்கக் கூடாது. பிறந்ததும் போடுவது நன்றாக வளர்ந்த வேறொரு பிள்ளையின் பழைய சட்டைதான். திட்டித் தீர்த்துவிட்டு, மகள் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தாள்.

"ஆசைக்குப் பின்னிக்க தாயி. ஒரு கைய மட்டும் முடிக்காம வையி. பிள்ள பெறந்து அழுத பெறகு முடிச்சுக்கலாம்."

அந்தக் கைதான் வளர்ந்திருந்தது. அதுவும் சாதாரணப் பின்னல் இல்லை. கண்ணிகள் ஒன்றையொன்று தாண்டி, கயிறு முறுக்கியதுபோல ஏறின. செல்விக்கு அந்தப் பின்னல் தெரியாது. அம்மாவுக்கோ ஊசியைப் பிடிக்கவே தெரியாது. முதலில் ஊசியைத் தள்ளி வைத்தாள். பிறகு அந்த முறுக்கின் அழகு அவளை இழுத்தது. விரலால் தடவித் தடவி, எந்தக் கண்ணி எதைத் தாண்டுகிறது என்று பார்த்தாள். அவளே இரண்டு வரிசை போட்டாள். புது வித்தை படிந்த சந்தோஷத்தில், தீர்ந்துபோன நூல் எங்கிருந்து வருகிறது என்று அவள் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி பிள்ளை உதைக்கவில்லை.

மறுநாளும் இல்லை. சர்க்கரைத் தண்ணீர் குடித்து இடது பக்கம் சாய்ந்து படுத்தாள். வயிற்றைத் தட்டிப் பார்த்தாள், கெஞ்சினாள். ராக்கம்மாள் கை வைத்துப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. செல்வி ஸ்வெட்டரை அம்மா பார்க்காதபடி கால்மாட்டுக்குத் தள்ளினாள்.

"ஆட்டோவக் கூட்டியாரேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். அசையாமப் படு தாயி."

கேட் சாத்தும் சத்தம். கரண்ட் போய் ஃபேன் நின்றது. வெயில் ஜன்னல் திரையில் அசையாமல் நிற்க, நனைந்த கம்பளி நாற்றமும், அதற்கு அடியில் பிரசவ வார்டின் பச்சை வாடையும் மெல்ல மெல்ல அறையை நிறைத்தன. கால்மாட்டிலிருந்து ஒரு சத்தம்.

டிக். டிக்.

அவள் தலையைத் தூக்கினாள். ஊசிகள் இரண்டும் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கின. ஸ்வெட்டரின் கை மணிக்கட்டு அளவை எட்டியிருந்தது.

அறுத்துவிட வேண்டும். எக்கி நூலைப் பிடித்தாள். வெதுவெதுப்பு. பிசுபிசுப்பு. அது எங்கே போகிறது? கட்டில் விரிப்பின் மேல். அவள் முழங்காலின் மேல். நைட்டிக்குள்.

நைட்டியைத் தூக்கினாள்.

நூல் அவள் தொப்புளுக்குள் போனது.

லேசாக இழுத்தாள். உள்ளே, ஆழத்தில், ஏதோ கூடவே நகர்ந்து வந்தது. கையை விட்டுவிட்டாள். அறுக்க முடியாது. இழுக்க முடியாது. இரண்டு கையாலும் வயிற்றை இறுகப் பிடித்தாள்.

டிக்.

நூல் இறுகி ஓடியது. வயிறு ஒரு விரல் அளவு தாழ்ந்தது.

டிக். டிக்.

இன்னொரு விரல்.

ஸ்வெட்டர் மெத்தையில் மெல்ல உப்பி எழுந்தது. கடைசிக் கண்ணி ஊசியிலிருந்து கழன்று, தன்னைத் தானே முடிந்துகொண்டது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ஸ்வெட்டருக்குள்ளிருந்து பிள்ளை உதைத்தது.